டயக்கீப்பருக்கு நாலு மணி நேரம்

கம்பம் பேருந்து நிலையத்தில் போய் சுருளியாண்டி எங்கே என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். டயக்கீப்பர் எங்கே என்று கேட்க வேண்டும். பூ விற்கிற அம்மாளிலிருந்து பரோட்டாக் கடை மாஸ்டர் வரை, "அவரு இப்ப ஆஸ்பத்திரிக்குல்ல போயிக்கிட்டிருக்காரு, பாவம்" என்று சேதி சொல்வார்கள். தனியார் பஸ்களுக்கு இருபத்தேழு வருஷம் நேரம் பார்த்த மனிதர் அவர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போக வேண்டும் என்று அட்டையில் குறிப்பதும், போக வேண்டிய நிமிஷத்தில் விசில் ஊதுவதும்தான் வேலை. விசிலுக்கு நகராத வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுவார். மூன்றாவது தட்டு டிரைவரின் முதுகில் விழும் என்று ஒரு பேச்சு உண்டு. விழுந்து யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் கெஞ்சாத கண்டக்டர் கிடையாது. "அண்ணே, ஒரு நிமிசம்ணே. அந்தா ஒரு குடும்பமே மூட்டையத் தூக்கிட்டு ஓடியாருது."

"ஒன் நிமிசம் முடிஞ்சுபோச்சு. இப்ப நீ நிக்கிறது பின்வண்டிக்காரன் நிமிசம். எட்றா வண்டிய."

கல்யாணத்தன்றுகூட மனிதர் மாறவில்லை. காமயகவுண்டன்பட்டியில் பெண் வீட்டில் வைத்துக் கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் நெருங்கியும் நாதஸ்வரக்காரரைக் காணோம். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தவரைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தபடி, "எந்த வண்டியில வந்தீக? எத்தன மணிக்கு எடுத்தான்?" என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் அப்போது சிரித்த சிரிப்பைத்தான் போட்டோக்காரர் பிடித்தார். அந்தப் படம் இன்னமும் அதே ஊரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வெட்கத்தில் சிரிக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஐம்பத்தாறு வயதில் சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகம் இரண்டையும் சாப்பிட்டு முடித்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில் ஆறு கட்டில், ஆறு மெஷின். காலை ஆறரைக்கு இடது கையில் ரெண்டு ஊசி குத்திப் படுக்க வைப்பார்கள். ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் மெஷின் இழுத்துவிடும். இதற்கு நாலு மணி நேரம். பத்தரை வரை படுத்தே ஆக வேண்டும்.

சுருளியாண்டி ஒன்பதரைக்கு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் முதுகு வலி என்பார். ஒரு நாள் கால் இழுக்கிறது என்பார். ஒன்றும் தோன்றாத நாளில், "போதும் தாயி, சலிச்சுப்போச்சு" என்று கையை நீட்டிவிடுவார். என் விருப்பத்தின்பேரில்தான் எழுந்து போகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் நேரம் குறித்து, அழகாகப் போட்டுக் கொடுப்பார். மெஷின் பார்க்கிற பாஜிலா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். உத்தமபாளையத்துப் பெண். அவளுடைய அப்பா அபுபக்கர் பஸ் கண்டக்டராக இருந்தவர். சுருளியாண்டியிடம் தினம் ஒரு நிமிஷத்துக்குச் சண்டை போட்டவர்.

"எங்கத்தா ஒரு நிமிசம் கேட்டப்பல்லாம் குடுக்க மாட்டேன்னீக மாமா. நான் ஒங்ககிட்ட ஒரு மணி நேரம் கேக்குறேன். அதையும் குடுக்க மாட்டேங்கிறீக."

"ஒங்கத்தா நல்ல மனுசன்த்தா. நேரம் மட்டும்தான் அவருக்கு ஆகாது," என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

பங்குனி மாதம் ஒரு விடியற்காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பஞ்சம்மாள் பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அவசரமாக மெஷினில் போட்டு, அவர் மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மூணு மணி நேரத்தில் தண்ணீர் முழுசாக இறங்குவதில்லை. மிச்சம் நெஞ்சில் போய்த் தேங்குகிறது. இருதயம் வீங்கிக்கொண்டு வருகிறது. இப்படியே பாதியில் எழுந்து போனால் அடுத்த பங்குனிக்கு மனுஷன் இருப்பது சந்தேகம்.

பஞ்சம்மாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, அவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவளும் அவரோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தாள். விடியுமுன்னே எழுந்து உப்புக் குறைத்துச் சமைத்து வைத்துவிட்டு, முதல் டவுன் பஸ்ஸில் கூட ஏறி, கட்டில் காலடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். ஒன்பதரைக்கு அவர் எழுந்தால் அவளும் எழுந்து நடப்பாள்.

இப்படி மூன்று மாதம் போன பிறகுதான் ஹேமாவதி ஒரு கண்ணாடியோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். சின்னமனூர்க்காரி. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி இல்லை. முகத்தில் பாதியை மூடுகிற பெட்டி மாதிரி இருக்கும். பின்மண்டையில் பட்டை போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். மாட்டினால் உள்ளே ஒரு திராட்சைத் தோட்டம் தெரியும். தலையைத் திருப்பினால் தோட்டமும் திரும்பும். பந்தலின் இடுக்கு வழியே வெயில் வட்டம் வட்டமாக மண்ணில் விழுந்து கிடக்கும்.

"அந்த வெயில் இருக்குல்ல ஐயா, அது நம்ம வெயில விட மெதுவா நகரும். நாலு மணி நேரத்துல இங்கன சூரியன் எவ்வளவு மேல ஏறுமோ, அதுல பாதிகூட அங்கன ஏறாது. மனசு அந்த வெயிலப் பாத்துத்தான் நேரத்தக் கணிக்கும். நாலு மணி நேரம் படுத்திருந்தாலும் ரெண்டு மணி நேரம் மாதிரிதான் தெரியும்," என்றாள் ஹேமாவதி சுருளியாண்டியிடம்.

"நேரத்தையே ஏமாத்தப் போறியாத்தா?"

"நேரத்த இல்ல மாமா, ஒங்களத்தான்," என்றாள் பாஜிலா.

மற்ற ஐந்து கட்டில்காரர்களுக்கும் கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது. ஒருவர் நாலு மணி நேரம் முடிந்து எழுந்து, இப்போதுதானே ஊசி போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். சுருளியாண்டியிடம்தான் பருப்பு வேகவில்லை. முதல் நாள் நடுவில் ஹேமாவதி அவரிடம், இதுவரை எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

"ஒரு மணி அம்பத்தெட்டு நிமிசம்."

பாஜிலா மெஷினைப் பார்த்தாள். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம். ஹேமாவதிக்கு முகம் விழுந்துவிட்டது.

"கண்ணத்தானத்தா மூடுன, காத மூடலயே. இப்பப் போனது குமுளி வண்டி ஆரன். எட்டு இருவத்தெட்டு அவன் டயம்."

அடுத்த முறை காதுக்கும் ஒன்றை மாட்டினார்கள். அதில் தோட்டத்துக் குருவிச் சத்தம் கேட்கும். அன்றைக்கும் மனிதர் நேரத்தைச் சரியாகச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை அரை மணிக்கு ஒரு தரம் வலது கையை இறுக்கும். அதை எண்ணியிருக்கிறார். பாஜிலாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "இவரு ஒடம்புக்குள்ள கெடிகாரத்த வச்சுத் தச்சிருக்காக" என்று முனகிக்கொண்டே, பட்டை முன்னப் பின்ன இறுக்குகிற மாதிரி மாற்றிவைத்தாள்.

மூன்றாம் நாள் எல்லாம் கூடி வந்தது. ஊசி போட்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது ஹேமாவதி ரகசியமாக வந்து அதே கேள்வியைக் கேட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "ஒண்ணே கால், ஒண்ணரை இருக்கும்" என்றார்.

ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஜிலா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பஞ்சம்மாளுக்கு விவரம் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்குப் பத்தரை வரை கிடப்பார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை சரியாகப் பதினைந்து நிமிஷம் நின்றது. ஒன்பதரைக்கு மனிதர் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கழட்டு தாயி. போதும்."

ஹேமாவதிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது என்று கால் மணி முன்னால் சொன்னவர் எப்படி மூன்று மணி நேரத்துக்குச் சரியாக எழுகிறார்? நேரம் தெரியவில்லை. ஆனாலும் எழுகிறார். அப்படியானால் சலிப்பு என்று அவர் சொன்னதும் பொய், முதுகு வலியும் பொய்.

பாஜிலாதான் மூக்கை உறிஞ்சினாள். தைல வாசம். கதவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கூடலூர் சோணையம்மாள் நின்றிருந்தாள். அடுத்த ஷிப்டில் இதே கட்டிலில் படுக்கிறவள். பதினொன்றேகாலுக்குத்தான் அவளுக்கு ஊசி. ஆனால் எப்போதும் ஒன்பதரைக்கெல்லாம் இங்கே வந்துவிடுவாள். நெற்றியிலும் கழுத்திலும் தைலத்தை அப்பிக்கொண்டு வருவதால், அவள் படியேறும்போதே மாடிக்குத் தெரிந்துவிடும்.

"மாமா, அந்தம்மா வந்தா நீங்க எந்திரிக்கிறீகளா?"

சுருளியாண்டி காதில் மாட்டியிருந்ததை எடுத்து மடியில் வைத்து, அதன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம்.

"பின்வண்டி வந்து நிக்குதுத்தா," என்றார் கடைசியில். "ஒரு பொம்பள, முடியாத ஒடம்போட வந்து பெஞ்சியில காத்துக் கெடக்கு. நான் எடத்த அடச்சுக்கிட்டு மல்லாந்து கெடக்கவா? இருவத்தேழு வருசம் ஊரையே வெரட்டிப்புட்டு நான் நின்னா நல்லாவா இருக்கு?"

இந்த மனுஷன் உயிரில் ஒரு மணி நேரத்தை வாரத்துக்கு மூன்று முறை அறுத்து, யாருக்கும் சொல்லாமல் பின்வண்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் வர வேண்டிய இடம். பாஜிலாவுக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது. கோபப்படுகிற வேலையைச் சோணையம்மாள் பார்த்துக்கொண்டாள்.

"யாருய்யா ஒங்கள எந்திரிக்கச் சொன்னா? நீங்க எப்ப எந்திரிச்சாலும் எனக்குப் பதினொண்ணே காலுதான். மிசினு கழுவணும், மருந்து மாத்தணும். வீட்டுல மருமக மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறதுக்கு இங்கன பேனுக்கு அடியில இருந்துட்டுப் போவோம்னு நான் வெள்ளன வாரேன். எனக்காக எந்திரிச்சாராம்ல, எனக்காக!"

ஹேமாவதி சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். சுருளியாண்டியும் அசடு வழியச் சிரித்தார். பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து அவர் தலைமாட்டுக்கு வந்து நின்றாள்.

"டயத்துக்கு முன்னாடி வண்டிய எடுத்துட்டுப் போறவன நீங்க என்ன செய்வீக?"

"அதுக்கும் இதுக்கும் என்ன…"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"அவன வேலைய விட்டே தூக்கச் சொல்லிருக்கேன். லேட்டா எடுக்குறவனக்கூட மன்னிச்சுறலாம். முன்னாடி எடுக்குறது பெரிய தப்பு."

"ஏன் தப்பு?"

"வண்டி நிக்கும்னு நம்பி வர்ற பாசஞ்சரு என்ன ஆகுறது? ஓடியாந்து பாத்தா வண்டி இருக்காதுல்ல."

"அதத்தான் நானும் கேக்குறேன்." அவள் குரல் ஏறவில்லை. "பின்னாடி நிக்கிற வண்டியத்தான் பாக்குறீக. ஒங்க வண்டிய நம்பி ஒருத்தி வந்துக்கிட்டிருக்கேன், என்னயப் பாக்க மாட்டேங்கிறீக. டாக்டரு சொன்னத நீங்களும்தான் கேட்டீக. என்னய விட்டுட்டு முன்னாடியே எடுத்துட்டுப் போனா, நான் அந்தப் பஸ்ஸ்டாண்டுல தனியா நின்னு என்ன செய்யறது?"

சோணையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சுருளியாண்டி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. மூன்று மாதமாக ஒரு பேச்சுப் பேசாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். மிச்சமிருந்த நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி, கண்ணாடி இல்லாமலே கிடந்தார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது ஊசி குத்தி முடிந்ததும் அவரே கையை நீட்டினார்.

"எங்கன இருக்குத்தா அந்தப் பெட்டி? அத மாட்டி விடு."

ஹேமாவதி மாட்டிவிட்டாள். திராட்சைப் பந்தல் வந்தது. வெயில் வட்டங்கள் மண்ணில் கிடந்தன. இதுவரை அவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது தன்னை எப்படி ஏமாற்றுகிறது என்று வேவு பார்ப்பதிலேயே மூன்று நாளையும் கழித்திருந்தார். இன்றைக்குத்தான் காய் எவ்வளவு பருத்திருக்கிறது, எந்தக் கொடியில் இலை பழுத்திருக்கிறது என்று பார்த்தார். ஒரு வெயில் வட்டத்தின் ஓரத்தில் எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது வட்டத்தைத் தாண்டுமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தார். கை இறுகியது, விட்டது. அவர் எண்ணவில்லை.

ஒன்பதரைக்குத் தைல வாசம் படியேறி வந்தது. அவருடைய வலது கால் ஒரு தரம் அசைந்தது. காலடியில் இருந்த பஞ்சம்மாள் அந்தக் காலின்மேல் கையை வைத்தாள். அழுத்தவெல்லாம் இல்லை, சும்மா வைத்தாள். கால் அப்படியே அடங்கிவிட்டது. சோணையம்மாள் கதவோரம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பூனை மாதிரி நடந்து போய் பேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரைக்குப் பாஜிலா கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம் கூசி அவர் கண்ணைச் சுருக்கினார்.

"எவ்வளவு நேரமாச்சு, சொல்லுங்க மாமா."

"ரெண்டு மணி நேரம் இருக்குமா? ஏன் கழட்டுன, நான் எந்திரிக்கலையே."

"நாலு மணி நேரம் முடிஞ்சுபோச்சு."

அவர் நம்பவில்லை. கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஓடுகிறதா என்றுகூடக் கேட்டார். பிறகு பாஜிலாவைப் பார்த்தார், ஹேமாவதியைப் பார்த்தார், கடைசியில் பஞ்சம்மாளைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது முதலில் என்று தெரியாமல் முகம் கோணியது. "நல்லா ஏமாத்திப்புட்டீகத்தா" என்று மட்டும் சொன்னார். ஹேமாவதி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பாஜிலா ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

எடை பார்த்தார்கள். இறங்க வேண்டிய தண்ணீர் முழுசும் இறங்கியிருந்தது. போன தடவைக்கு முன்னால் மாதக் கணக்கில் இப்படி இறங்கியதே இல்லை.

இரண்டு பேரும் கீழே வந்து சாலையோர நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் வருவதற்கு எட்டு நிமிஷம் இருந்தது. பஞ்சம்மாள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் பேச்சு நின்றுபோனது. பார்த்தால், அவர் தோளில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். பங்குனியிலிருந்து ராத்திரியெல்லாம் அவருடைய மூச்சைக் கவனித்தபடி முழித்துக் கிடந்தவள். இன்றைக்கு வாய் லேசாகத் திறந்திருக்க, சாலையோரத்தில், பஸ் சத்தத்திலும் ஆட்டோ சத்தத்திலும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே அவரை அடையாளம் கண்டு, "டயக்கீப்பரண்ணே, வாங்க, ஏறுங்க, டயமாச்சு" என்று கத்தினான். சுருளியாண்டி அசையவில்லை. தோளை ஆட்டாமல் வலது கையை மட்டும் தூக்கி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது.

"நீ போ," என்றார் சுருளியாண்டி, தணிந்த குரலில். "அவ முழிக்கவும் வாரோம்."